மணலில் எழுதிப் படித்த பாதிரியார்

மதம் பரப்புவதற்காக அயல்நாடு சென்றவர்களின் சரித்திரத்தை எழுதுவோர், அவர்கள் கட்டிய கோயில்களையும், சேர்த்த ஜனத்தொகையையும், பெற்ற புகழையுமே பெரும்பாலும் எழுதி முடிக்கின்றனர். அப்பணியின் முதல் சில வாரங்கள் எவ்வாறு கழிந்தன, வந்தவர் எங்கே தங்கினார், எந்த மொழியில் வாய் திறந்தார், அவரைக் கண்ட உள்ளூரார் என்ன நினைத்தனர் என்பவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும் ஒருவருடைய கொள்கை மெய்யோ பொய்யோ என்று உரைத்துப் பார்ப்பதற்கு அம்முதல் வாரங்களே தக்க உரைகல்லாகும். பணமும் ஆளும் சேர்ந்த பின்னர்க் காரியம் நடத்துதல் யார்க்கும் எளிது. ஒன்றுமில்லாத நாளில் ஒருவர் என்ன செய்தார் என்பதையே நாம் பார்க்கவேண்டும்.

நாம் எம்மதத்திற்கும் பரிந்து பேச வந்தோமல்லோம். மதங்களின் பெயரால் மக்கள் பட்ட துன்பங்களை நாம் அறிவோம். அவற்றை மறைத்தெழுதுவதும் நம் வழக்கமன்று. ஆயினும் 1706-ம் ஆண்டு தமிழ்க் கரையில் வந்திறங்கிய இரு இளைஞரின் முதல் நாட்களில் தமிழர் அனைவரும் அறியத்தக்க செய்திகள் பல உள்ளன. கடல் கடந்து வந்து வாழும் நம்மவர்க்கோ அவை மேலும் நெருக்கமானவை. ஆதலின் அவற்றை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

தரங்கம்பாடி

சோழநாட்டுக் கடற்கரையில், காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி என்னும் சிற்றூர் உள்ளது. ‘தரங்கம்’ என்பது அலை. அப்பெயருக்கேற்பக் கடல் அவ்வூரின் காலடியில் ஓயாது மோதிக்கொண்டிருக்கும். கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கின்றது. பாண்டியர் காலத்தில் எழுந்த அக்கோயிலின் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது.

1620-ம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்கு தேசத்துக் கம்பெனியார் இவ்வூரைப் பெற்றனர். அவர்கள் தேடி வந்தது மிளகும் துணியுமே. டேன்ஸ்பர்க் என்னும் கோட்டையைக் கட்டினர். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினர். தமக்கென 1701-ம் ஆண்டு சீயோன் கோயிலையும் கட்டிக்கொண்டனர். இவ்வாறு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தம்மோடு வாழும் தமிழரிடத்தில் தம் மதத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று அவர்களில் எவர்க்கும் தோன்றவில்லை. வியாபாரத்திற்கு இடையூறு வராதிருப்பதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது.

ஊருக்குள் வாழ்ந்தவர் பல திறத்தினர். டேனியரும் ஜெர்மானியருமாகிய கம்பெனி உத்தியோகஸ்தரும் சிப்பாய்களும் இருந்தனர். போர்த்துக்கீசக் கலப்பினத்தாரும் கத்தோலிக்கத் தமிழரும் இருந்தனர். முஸ்லிம் வணிகரும், பல ஜாதித் தமிழரும் தத்தம் தெருக்களில் வாழ்ந்தனர். ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளும் இருந்தனர். பஞ்சகாலத்தில் தம்மையோ தம் மக்களையோ விற்றுவிட்ட ஏழைத் தமிழர் அவ்வடிமைகளிற் பலர். ஐரோப்பியரும் உள்ளூராரும் தமக்குள் பேசிக்கொள்ள ஒருவகைக் கொச்சைப் போர்த்துக்கீசமே பொது மொழியாய் வழங்கியது. நம் மலாக்காவில் போர்த்துக்கீச வழிவந்தோர் சிலரிடத்து இன்றும் வழங்கும் மொழி அதற்கு உறவு முறையானது என்றால் வாசகர்க்கு எளிதில் விளங்கும்.

வந்தவர் யாவர்?

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தூரதேசங்களுக்குப் போதகரை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கவர் கிடைக்கவில்லை. ஆகவே ஜெர்மனியிலிருந்து இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. இருவரும் ஹாலே நகரத்தில் பிராங்கே என்னும் பெரியாரின் சார்பில் பயின்றவர். அப்பெரியார் அநாதைப் பிள்ளைகட்கு இல்லமும் ஏழைகட்குப் பள்ளியும் நடத்தியவர். சடங்கைக் காட்டிலும் உள்ளத்தின் தூய்மையும் நாள்தோறும் செய்யும் நற்செயலுமே மதம் என்பது அவர் கூட்டத்தாரின் போதனை.

சீகன்பால்கு 1682-ம் ஆண்டு சாக்ஸனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் தானிய வியாபாரி. இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாயார் இறக்குந் தறுவாயில் மக்களை அழைத்து, ‘உங்களுக்கு ஒரு பெரும் பொக்கிஷம் வைத்திருக்கின்றேன், அதை வேதப் புத்தகத்தில் தேடுங்கள்’ என்று சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உடல்வலிமை குறைந்தவர், நோயினால் படிப்பு பலமுறை தடைப்பட்டது. உலகத்தார் கணக்கில் இத்தகையவர் தூரதேசம் போகத் தகுதியற்றவர் என்றே சொல்லப்படுவார்.

இருவரும் 1705-ம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் கோப்பன்ஹேகன் துறைமுகத்தில் ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலேறினர். ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, ஏழு மாதத்திற்கு மேல் கடலில் கழித்து, 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் கரையேறினர். அன்று சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு.

முதல் நாள்

அரசர் அனுப்பிய தூதர்க்கு எத்தகைய வரவேற்பு நடந்திருக்கும் என்று வாசகர் எண்ணக்கூடும். மேளமும் மாலையும் இல்லாவிடினும் ஒரு நாற்காலியாவது கிடைத்திருக்குமன்றோ? அதுவுங் கிடைக்கவில்லை. ஊர் வாயிலுக்கு வெளியே வெயிலில் பல மணி நேரம் அவர்கள் காத்திருந்தனர். பொழுது சாய்ந்த பின்னரே கவர்னர் ஹாசியஸ் தம் பரிவாரத்தோடு வந்தார். வந்தவர், ‘உங்களுக்கு இங்கே என்ன வேலை? உங்களை அனுப்பியவர் யார்?’ என்னுங் கருத்தில் கடுமையாய் வினவினார். அரசரின் முத்திரையிட்ட கடிதத்தைக் காட்டிய பின்னரே குரல் சிறிது தணிந்தது. ஆயினும் உதவி செய்ய முடியாதென்று சொல்லி, ஊருக்குள் அழைத்துச் சென்று, சந்தை வெளியில் நிறுத்திவிட்டு அவர் தம் வழியே போய்விட்டார்.

இருட்டிய வேளை, அறியாத ஊர், தெரியாத மொழி, கையில் அரசரின் கடிதம். அக்கடிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் தெருவில் நின்றனர். இறுதியில் கம்பெனியின் சிறு உத்தியோகஸ்தர் ஒருவர் மனமிரங்கித் தம் உறவினர் வீட்டில் தங்க இடந்தந்தார்.

தோழர்களே! இக்காட்சியைப் படிக்கும்போது நம் முன்னோரின் நினைவு வராமற் போகாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, யாரோ எழுதிய சீட்டொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, எந்தத் தோட்டம், எந்த லயம் என்று தெரியாமல் நின்ற தமிழர் எத்தனை பேர்! சீகன்பால்கின் நிலை அவர்கள் நிலையைவிட மேலானதே. அவர்க்குப் பின்னால் ஓர் அரசர் இருந்தார். நம்மவர்க்குப் பின்னால் கங்காணியின் கடன் கணக்கே இருந்தது. ஆயினும் அந்நிய மண்ணில் முதலிரவைக் கழிக்கும் மனிதனின் நெஞ்சம் எங்கும் ஒன்றுதான்.

மணலும் விரலும்

மறுநாள் முதல் அவர்கள் முன் நின்ற கேள்வி, எந்த மொழியில் பேசுவது என்பதே. கம்பெனியார் எண்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்காமலே வாழ்ந்தனர். அவர்களைப் பின்பற்றிக் கொச்சைப் போர்த்துக்கீசத்தோடு நின்றுவிட்டிருந்தால் யாருங் குறை கூறியிரார். இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். புளூட்சோ போர்த்துக்கீசத்தைக் கற்கத் தொடங்கினார். சீகன்பால்கு தமிழை ஏற்றார்.

ஊரில் எழுபது வயதளவான தமிழ் உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். திண்ணைப் பள்ளி நடத்திப் பிழைத்தவர். அவருக்குச் சம்பளம் பேசி, பள்ளியையே தம் வீட்டிற்கு மாற்றிக்கொள்ளுமாறு சீகன்பால்கு கேட்டுக்கொண்டார். கிழவரும் இசைந்தார். பிள்ளைகள் வந்து தரையில் வரிசையாய் அமர்ந்தனர். முன்னே மணல் பரப்பப்பட்டது. அவ்வரிசையின் நடுவே, ஐரோப்பியக் கலாசாலையில் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்த அவ்விளைஞரும் சம்மணமிட்டு அமர்ந்தார். பிள்ளைகள் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர்; அவரும் அவ்வாறே சொல்லி எழுதினார். பிள்ளைகள் அழித்தனர், அவரும் அழித்தார். ஆறு ஏழு வயதுச் சிறுவர், அவருடைய ‘ழ’கரத்தையும் ‘ற’கரத்தையுங் கேட்டு நகைத்திருப்பர் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

அக்காலத்து நிலைமையை எண்ணும்போதே இச்செயலின் அருமை புலப்படும். வெள்ளையர் பல்லக்கில் செல்வர், தமிழர் சுமப்பர். வெள்ளையர் நாற்காலியில் அமர்வர், தமிழர் நிற்பர். அரசரின் கடிதம் பெற்று வந்த ஒருவர், தமிழ்க் கிழவர் ஒருவரை ஆசிரியராய் ஏற்று அவர் முன் தரையில் அமர்ந்தது கம்பெனியார் கண்ணுக்கு எத்துணை இழிவாய்த் தோன்றியிருக்கும்! மதத்தைப் போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கராய் ஆனார். அவருடைய நம்பிக்கைக்கு முதற் சான்று எதுவென்று எம்மைக் கேட்டால், பின்னர்க் கட்டிய கோயிலைக் காட்டோம், இம்மணலையே காட்டுவோம்.

ஆனால் இதில் ஓர் இடர் இருந்தது. உபாத்தியாயர்க்கு ஐரோப்பிய மொழி எதுவுந் தெரியாது. மாணாக்கர் எழுதவும் படிக்கவும் விரைவில் கற்றுக்கொண்டார்; படித்ததன் பொருளோ விளங்கவில்லை. ஆகவே அழகப்பன் என்பவரை அவர் சம்பளத்திற்கு அமர்த்தினார். இவர் கம்பெனியில் துபாஷியாயிருந்தவர்; போர்த்துக்கீசம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளைப் பேச வல்லவர். ஐரோப்பாவில் எந்தக் கலாசாலையையும் மிதியாத ஒரு தமிழர் நான்கு ஐரோப்பிய மொழிகளைத் துறைமுகத்திலேயே கற்றுவைத்திருந்தார்! சீகன்பால்கின் புகழைப் பேசுவோர் இந்த அழகப்பனையும் அக்கிழவரையும் மறத்தலாகாது. அவரைத் தமிழறிஞராக்கியவர்கள் தமிழர்களே.

எட்டு மாதத்தில் அவர் தமிழில் பேசும் ஆற்றலை அடைந்தார். தம் நாள் எவ்வாறு கழிந்ததென்று அவரே பின்னர் எழுதிவைத்தார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்னே எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் மீண்டுஞ் சொல்லிப் பழகுவார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, முன்பு படித்திராத தமிழ்ச் சுவடிகளையே படிப்பார். முதிய புலவர் ஒருவர் அருகிருந்து செய்யுளின் பொருளைப் பேச்சு வழக்கில் விளக்குவார். எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். உண்ணும்போதுங்கூட ஒருவர் படிக்கக் கேட்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டுஞ் சுவடி. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டி மற்றொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நல்ல நடையுள்ள நூல்களைத் தேர்ந்து, அந்நடையிலேயே தாமும் பேசவும் எழுதவும் முயல்வார்.

நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்க நேரமில்லை என்று சொல்லும் பெற்றோர், இந்நாட்குறிப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக!

நம்பிக்கைக்கு வந்த சோதனை

மொழி வந்தால் காரியம் முடிந்துவிடும் என்று அவர் முதலில் எண்ணியிருக்கலாம். மொழி தெரியத் தெரிய, தமிழர் தம் இனத்தாரைப் பற்றிச் சொல்வதும் அவர் காதில் விழத் தொடங்கியது. கிறிஸ்தவர் என்பார் குடிப்பவர், அடிப்பவர், ஏமாற்றுபவர், தூய்மையில்லாதவர் என்பதே ஊராரின் பொது அபிப்பிராயம். ஒருவர் வாழும் வாழ்வைக் கண்டபின் அவர் மதத்தின் உயர்வை யார் நம்புவர்? ஐரோப்பியரின் ஒழுக்கக் கேடே தம் வேலைக்குப் பெருந்தடை என்று அவர் தம் நாட்டிற்கு எழுதினார். குற்றத்தைத் தமிழர்மேல் சுமத்தாமல், தம்மவர்மேலேயே சுமத்திக்கொண்ட இந்நேர்மையை நாம் பாராட்டுகின்றோம்.

ஆகவே வேலை தம்மவரிடமே தொடங்கியது. ஐரோப்பியர் சிலர்க்கு அவரும் தோழரும் தம் வீட்டில் ஜெபமும் போதனையும் நடத்தினர். பின்னர் ஐரோப்பியர் வீட்டு அடிமைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தம்மிடம் அனுப்புமாறு கேட்டு, அவர்கட்குப் போதிக்கத் தொடங்கினர். பகலெல்லாம் உழைத்த அடிமைகள் அவ்விரண்டு மணி நேரம் ஒரு வீட்டில் அமர்ந்து, ‘நீயும் மனிதன்’ என்னுஞ் சொல்லைக் கேட்டனர். எசமானர்களில் பலர்க்கு இது பிடிக்கவில்லை. அடிமைக்குத் தன்மதிப்பு வந்துவிட்டால் எசமானனுக்கு என்ன மிச்சம்?

1707-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐவரும் அடிமைகளே. தரங்கம்பாடியில் அப்பணியின் முதற் பயன் வணிகரிடத்தும் அதிகாரிகளிடத்துந் தோன்றாமல், விலைக்கு வாங்கப்பட்ட ஏழைகளிடத்தில் தோன்றியதென்பது சிந்திக்கத்தக்கது. ஆனால் மற்றோர் உண்மையையும் சொல்லிவைத்தல் வேண்டும். ஞானஸ்நானம் அவர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவித்துவிடவில்லை. ஆத்துமாவிற்கு விடுதலை, உடலுக்கு விலை என்னும் அம்முரண்பாட்டை அக்காலத்து ஐரோப்பா முழுவதும் சகித்துக்கொண்டிருந்தது.

பலன்கள்

இதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1707-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, கடலோரத்தில் ‘புது எருசலேம்’ என்னுஞ் சிறு கோயில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆண்பிள்ளைகட்கும் பெண்பிள்ளைகட்கும் இலவசப் பள்ளிகள் தொடங்கின. பெண் படித்தால் குடி கெடும் என்று நம்மவர் நம்பிய காலத்தில், தமிழ்ப் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து எழுதப் படிக்கக் கற்பித்த செயல் சிறிதன்று.

ஏழைகளின் வழக்கில் தலையிட்டதனால் கவர்னரின் கோபம் மூண்டது. 1708-ம் ஆண்டு நவம்பரில் சீகன்பால்கு கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். நான்கு மாதங் கழிந்தே வெளிவந்தார். சிறை புகுமுன் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை 1711-ம் ஆண்டு முடித்தார். லண்டனிலிருந்து அச்சு யந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. தமிழ் அச்சேறியது அப்பொழுதுதான் முதல் என்று சிலர் சொல்வது பிழை. 1578-ம் ஆண்டிலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஆயினும் நெடுநாள் ஓய்ந்திருந்த தமிழ் அச்சைத் தரங்கம்பாடி மீண்டும் எழுப்பியது. ஹாலேயின் எழுத்து பெரிதாயிருந்து காகிதத்தை விழுங்கியமையால், பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகடுகளை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தனர். 1715-ம் ஆண்டு புதிய ஏற்பாடு முழுமையாய் வெளிவந்தது. காகிதம் செய்ய ஒரு பட்டறையும் அமைத்தனர். பொறையாற்றின் அருகே ‘கடுதாசிப்பட்டறை’ என்று வழங்கிய இடப்பெயர் அதற்குச் சாட்சி.

இவற்றையெல்லாம்விட நம் மனத்தைக் கவர்வது மற்றொன்று. தமிழரை நாகரிகமற்றவர் என்று எண்ணிக்கொண்டே தாமும் வந்ததாகவும், மொழியைக் கற்று நூல்களைப் படித்த பின்னர் அவ்வெண்ணம் தவறென்று உணர்ந்ததாகவும் அவர் ஒளிக்காது எழுதினார். ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கவும் பார்த்தெழுதவும் ஆட்களை அனுப்பினார். 1708-ம் ஆண்டு, தாம் சேர்த்த 119 தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப் பட்டி எழுதினார். அவ்வாண்டிலேயே ‘உலக நீதி’, ‘கொன்றை வேந்தன்’, ‘நீதி வெண்பா’ ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திருவள்ளுவரையும் சிவவாக்கியரையும் படித்தார்.

1713-ம் ஆண்டு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய பெருநூலொன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த விடை யாது? அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்னுங் கண்டிப்பே! கையெழுத்துப் பிரதி பெட்டியில் உறங்கியது. 1867-ம் ஆண்டுதான் சென்னையில் அச்சாயிற்று. தூரத்திலிருந்து பணம் அனுப்பியவர்க்குப் படிக்கவேண்டிய அவசியமில்லை. அருகிலிருந்து மணலில் எழுதியவர்க்கோ படியாமலிருக்க முடியவில்லை.

1719-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி, முப்பத்தாறாவது வயதில் சீகன்பால்கு இறந்தார். கடல் அழித்த முதற் கோயிலுக்குப் பதிலாய் 1718-ம் ஆண்டு எழுந்த புது எருசலேம் கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு கறை

இதனோடு நிறுத்தினால் கட்டுரை இனிதாய் முடியும். ஆனால் உண்மை குறைபடும். தரையில் அமர்ந்து தொடங்கிய அப்பணி, தமிழ்நாட்டின் பெரு நோயாகிய ஜாதியின் முன் என்ன செய்தது? ஒரே கோயிலுக்குள், ஒரே வேதத்தைக் கேட்க வந்தவர்கள் ஜாதிவாரியாய்த் தனித்தனி இடத்தில் அமர்ந்தனர். போதகர் இதனை நாட்டு வழக்கமென்று எண்ணி ஒப்புக்கொண்டனர்.

1733-ம் ஆண்டு ஆரோன் என்னுந் தமிழர் குருப்பட்டம் பெற்றார். அடுத்தபடியாக இராஜநாயக்கன் என்பவரின் பெயர் அடிபட்டது. இவர் தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தாமே வேதத்தைப் படித்துத் தெளிந்து, பிறர்க்கும் போதித்து, பல துன்பங்களைத் தாங்கியவர். ஆனால் பறையர் வகுப்பிற் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர் இசையார் என்று சொல்லப்பட்டது. 1741-ம் ஆண்டு பட்டம் தியோகு என்னும் மற்றொருவர்க்குப் போயிற்று. இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்து 1771-ம் ஆண்டு இறந்தார்.

அடிமைகளை முதலில் அணைத்த ஒரு சபை, அவ்வடிமைகளின் இனத்தாரில் ஒருவர் பீடத்தில் நிற்க வேண்டிய நாளில் பின்வாங்கியது. மேல்ஜாதியார் விலகிவிடுவரே என்னும் அச்சம் வென்றது. இதைக் கிறிஸ்தவரின் குறையென்று மட்டுஞ் சொல்லி மற்றவர் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. தமிழன் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் தன் ஜாதியையுங் கூடவே தூக்கிக்கொண்டு நுழைந்தான் என்பதே இதன் பொருள். கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோதும் அதனை இறக்கிவைத்துவிட்டு வந்தோமில்லை. தோட்டத்து லயங்களிலும், மாரியம்மன் திருவிழாக்களிலும், கல்யாணப் பந்திகளிலும் நம்மவர் எத்தனை கோடுகள் கிழித்தனர் என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வர்.

நாம் கொள்ளவேண்டுவன

சீகன்பால்கு தமிழரின் மொழியைக் கற்றார், நூல்களைக் கற்றார், அவர்கள் தரையில் அமர்ந்து உண்டு பழகும் வாழ்வைக் கற்றார். இவை வணங்கத்தக்கன. ஆனால் ஒரு நாட்டாரை மதிப்பது வேறு, அந்நாட்டாரின் அநீதிக்குத் தலைவணங்குவது வேறு. முன்னதைக் கற்ற அப்பணி, பின்னதை மறுக்கும் துணிவைத் தக்க காலத்தில் பெறவில்லை. அவருக்குப் பின் வந்தோர், ஜாதியும் தமிழ்ப் பண்பாட்டின் பகுதியென்று மயங்கிவிட்டனர். அம்மயக்கம் இன்றும் நம்மில் பலரிடத்தில் உண்டு.

தரங்கம்பாடியில் தோன்றிய மரபிலிருந்தே 1919-ம் ஆண்டு தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது; அம்மரபினரான தமிழர் இக்கரைக்கும் வந்து சபை கூடினர். ஆகவே இச்சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று. அச்சபையைச் சேர்ந்தவர்க்கு மட்டும் உரியதுமன்று. ஓலையில் முடங்கிக் கிடந்த தமிழைக் காகிதத்தில் ஏற்றிய கதையாதலின், அச்சிட்ட தமிழ்ப் பத்திரிகை படிக்கும் ஒவ்வொருவர்க்கும் இதில் பங்குண்டு.

பல இனத்தார் கலந்து வாழும் இந்நாட்டில், அண்டை வீட்டாரின் மொழியைக் கடை வியாபாரத்திற்கு வேண்டிய அளவோடு நிறுத்திவிடுகின்றோம். அவர்களுடைய நூல் யாது, அவர்கள் நெஞ்சில் இருப்பது யாது என்று அறிய எத்தனை பேர் முயல்கின்றோம்? தொண்டு செய்யப் புறப்படும் நம் இளைஞரும் மேடையேறிப் பேசுவதிலேயே தொடங்குகின்றனர். எவரிடத்தில் பேசுகின்றாரோ அவர்களோடு அமர்ந்து கேட்பதில் தொடங்குவார் அரியர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், அரசரின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுபது வயதுத் தமிழ்க் கிழவர் முன் தரையில் அமர்ந்து மணலில் ‘அ’ எழுதினார். அவர் எழுதிய எழுத்து அந்நாளே அழிந்தது. அதனால் பெற்ற கல்வி அழியவில்லை. சீர்திருத்தம் பேசும் நாம் அவரிடமிருந்து அப்பணிவைக் கற்றுக்கொள்வோம். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட நீதியையும் மறவாதிருப்போம்.